107 கூட்டங்கள், 33 நிரைகள்: ஒரு பழ ஈ ஆய்வை அணி வழியாக வாசித்தல்

ஒரு கூட்டத்தில் 16 ஈக்கள். எட்டு ஆண், எட்டு பெண். அவை முட்டையிட்டு, புழு வளர்ந்து, கூடு உடைந்து அடுத்த தலைமுறை வெளிவந்ததும், அந்தக் குஞ்சு ஈக்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எட்டு ஆணும் எட்டு பெண்ணும் எடுத்துப் புதிய குப்பியில் விட வேண்டும். மற்றவற்றுக்கு இந்தக் கதையில் இடமில்லை. இதையே 19 தலைமுறைகள், 107 கூட்டங்களில், ஒன்றோடொன்று கலக்காமல் செய்ய வேண்டும்.

பீட்டர் பூரி என்ற ஆய்வாளர் இதைச் செய்து 1956-இல் வெளியிட்டார். மக்கள்தொகை மரபியல் படித்த யாரும் அந்த 107 கூட்டங்களின் படத்தைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் அந்தப் படத்தைக் காட்டி, "பாருங்கள், மரபியல் நகர்வு உண்மைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். (மரபியல் நகர்வு என்பது, வெறும் தற்செயலால் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைதோறும் மாறுவது.) எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கோட்பாடு சொன்ன எண்ணும் ஈக்கள் தந்த எண்ணும் ஒன்றாக இல்லை. அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் இந்த ஆய்வை ஒரு மாறுதல் அணியை (இன்றைய நிலையிலிருந்து நாளைய நிலைக்குப் போகும் வாய்ப்புகளை நிரை நிரலாக அடுக்கிய எண் கட்டத்தை) எழுதி, அதோடு ஒப்பிட்டு, முதலிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன்.

ஈக்களும் அவற்றின் கண்களும்

பூரி எடுத்துக்கொண்டது பழ ஈயின் 'பிரவுன்' மரபணு. அதில் இரண்டு அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள்: ஒன்று பிடபிள்யூ, மற்றது பிடபிள்யூ-75. ஒவ்வொரு ஈயின் உடலிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு நகல்கள் உண்டு. ஆக 16 ஈக்களில் 32 நகல்கள். தொடக்கத்தில் எல்லா ஈயும் இரண்டு அல்லீலிலும் ஒவ்வொன்று கொண்ட கலப்பு நிலை ஈக்கள். அதாவது 32-இல் சரிபாதி, 16 நகல்கள், பிடபிள்யூ-75.

இந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பூரி பயன்படுத்திய ஈக்களில் வேறொரு கண் நிற மரபணுவும் மாறியிருந்ததால், மூன்று வகையும் கண்ணைப் பார்த்தாலே தெரியும். இரண்டும் பிடபிள்யூ-75 என்றால் பளிச்சென்ற செம்மஞ்சள். கலப்பு என்றால் வெளிர் செம்மஞ்சள். இரண்டும் பிடபிள்யூ என்றால் வெள்ளை. ஒரு கூட்டத்தில் ஐந்து பளிச், ஏழு வெளிர், நான்கு வெள்ளை என்று எண்ணினால், பிடபிள்யூ-75 நகல்கள் 5×2 + 7 = 17. அவ்வளவுதான். டிஎன்ஏவைப் படிக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு கூட்டத்தின் நிலையை மதிப்பீடாக அல்லாமல் துல்லியமான எண்ணாகவே பிடிக்க முடிந்தது. அணி மாதிரியோடு ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல தரவு கிடைப்பது அரிது.

அணி எப்படி உருவாகிறது

மக்கள்தொகை மரபியலின் முன்னோடிகளான ரொனால்ட் ஃபிஷர், சீவல் ரைட் இருவரின் பெயரில் வழங்கும் மாதிரி சொல்வது எளிமையானது. அடுத்த தலைமுறையின் ஒவ்வொரு நகலும் இந்தத் தலைமுறையின் நகல்களிலிருந்து குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகிறது. எடுத்த நகலைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். இதனால் அடுத்த தலைமுறையின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலைப் பின்பற்றும் (பல முறை நாணயம் சுண்டித் தலைகளை எண்ணும்போது வரும் பரவல் போன்றது). இன்று எத்தனை நகல் என்பது தெரிந்தால் போதும். நேற்று எத்தனை இருந்தது என்ற வரலாறு தேவையில்லை. இதுதான் மார்க்கோவ் சங்கிலி.

முதலில் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய சின்ன ஒன்று. இரண்டே உயிர்கள், நான்கு நகல்கள். நாம் கவனிக்கும் அல்லீல் 0, 1, 2, 3, 4 என ஐந்து நிலைகளில் இருக்கலாம். ஆகவே ஐந்து நிரை, ஐந்து நிரல். ஒரு நிரை என்பது "இன்று இந்த நிலையில் இருந்தால் நாளை எந்தெந்த நிலைக்கு எவ்வளவு வாய்ப்பு" என்ற பட்டியல். இன்று 2 நகல் என்றால் நிரை இப்படி:

1/16, 4/16, 6/16, 4/16, 1/16

இன்று 1 நகல் என்றால்:

81/256, 108/256, 54/256, 12/256, 1/256

3 நகலுக்கான நிரை இதன் தலைகீழ். 0-க்கான நிரையில் முதல் இடத்தில் 1, மற்றதெல்லாம் 0. ஏனென்றால் அல்லீல் அடியோடு போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. 4-க்கும் அப்படித்தான், அந்த அல்லீல் மட்டுமே நிலைத்துவிட்டது. உள்ளே போனவர் வெளியே வராத இந்த இரண்டு நிலைகள்தான் சிறு கூட்டங்களின் தலையெழுத்தை எழுதுகின்றன.

2 நகலில் தொடங்குகிறோம். ஒரு தலைமுறை கழித்து இரு முனைகளில் ஏதாவது ஒன்றில் சிக்கியிருக்கும் வாய்ப்பு 1/16 + 1/16, அதாவது எட்டில் ஒன்று. அப்புறம் அந்த நிரையை அணியால் மறுபடி பெருக்கினால், இரண்டாம் தலைமுறையில் நிலைகளின் நிகழ்தகவுகள் 0.166, 0.211, 0.246, 0.211, 0.166. முனைகளில் சேர்ந்தது மூன்றில் ஒரு பங்கு. சராசரி எண்ணிக்கை மட்டும் அசையாமல் 2-லேயே நிற்கிறது. சராசரி அசையாதபோதும் ஒவ்வொரு கூட்டமும் நடுவைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நகர்வைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஐந்து எண்கள் தரும் தெளிவு வராது என்பது என் அனுபவம்.

அணியில் முனை நிலைகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய 3×3 பகுதியை அலகு அணியிலிருந்து கழித்து நேர்மாறு கண்டால், முனையைச் சேர எத்தனை தலைமுறை ஆகும் என்ற சராசரியும் கிடைக்கும். இந்தச் சின்ன உதாரணத்தில் 2-லிருந்து தொடங்கினால் சுமார் நாலரைத் தலைமுறை.

33×33

பூரியின் கூட்டத்துக்கு 0 முதல் 32 வரை 33 நிலைகள். அணியில் 1089 கட்டங்கள். இன்று மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் வேலை. 1950-களில் கையால் செய்வது பெரும்பாடு.

16-ஆம் எண் நிலைக்கான நிரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 32-இல் 16 நகல் இருக்கும் கூட்டம், அடுத்த தலைமுறையிலும் சரியாக 16-லேயே நிற்கும் வாய்ப்பு 14 விழுக்காடுதான். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 2.8 நகல்கள். அதாவது 13-லிருந்து 19 வரை எங்கு போய் நின்றாலும் வியப்பில்லை. ஒரே தாவலில் 0-க்குப் போகும் வாய்ப்பு சுமார் 429 கோடியில் ஒன்று. முதல் சில தலைமுறைகளில் எந்தக் கூட்டமும் முனையைத் தொடாது என்பதை இந்த ஒரு நிரையே சொல்லிவிடுகிறது.

ஓரத்தில் இருக்கும் நிரைகளின் குணம் வேறு. 2 நகல் மட்டும் மிஞ்சிய கூட்டம் அடுத்த தலைமுறையில் அதை இழந்துவிடும் வாய்ப்பு 13 விழுக்காடு. ஒரே நகல் என்றால் 36 விழுக்காடு. முனையை நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகிறது.

இந்த அணியின் ஐகென் மதிப்புகளை (அணியால் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது எது நிலைக்கும், எது எந்த விகிதத்தில் தேயும் என்று சொல்லும் எண்களை) கணிதர் வில்லியம் ஃபெல்லர் 1951-இல் எழுதிக்காட்டினார். முதல் இரண்டும் 1. அவை இரு முனைகளுக்கானவை. மூன்றாவது 1 − 1/32. நீண்ட காலத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த மூன்றாவது எண்தான் ஆள்கிறது. கலப்பு நிலை ஈக்களின் எதிர்பார்ப்பு விகிதம் ஒவ்வொரு தலைமுறையிலும் 32-இல் ஒரு பங்கு தேயும். 0.5-இல் தொடங்கினால் 19 தலைமுறைக்குப் பின் 0.27.

எந்த முனைக்குப் போகும் என்பதற்கு இன்னும் எளிய விடை உண்டு. சராசரி மாறாது என்பதால், ஓர் அல்லீல் கடைசியில் நிலைத்துவிடும் வாய்ப்பு அதன் தொடக்க விகிதமேதான். இங்கே பாதிக்குப் பாதி.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

இப்போது ஒப்பிடலாம். 16-ஆம் நிலையில் தொடங்கி அணியை 19 முறை பெருக்கினால், முனைகளில் சேர்ந்திருக்க வேண்டியது கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 107 கூட்டங்களில் சுமார் 24.

பூரியின் குப்பிகளில் 19-ஆம் தலைமுறையில் 30 கூட்டங்கள் பிடபிள்யூ-75 அல்லீலை முழுக்க இழந்திருந்தன. 28 கூட்டங்களில் அது மட்டுமே நிலைத்திருந்தது. மொத்தம் 58.

24 எங்கே, 58 எங்கே. இது தற்செயலாக நேரக்கூடிய பிசகு இல்லை. 107 தனித்தனிக் கூட்டங்களில் இந்த எண்ணிக்கையின் திட்ட விலக்கம் நான்கு, ஐந்து கூட்டங்கள்தான் வரும்.

ஆனால் மற்ற எல்லாவற்றிலும் மாதிரி அச்சாகப் பொருந்துகிறது. 30-க்கு 28 என்ற பிரிவு பாதிக்குப் பாதிதான். எல்லாக் கூட்டங்களையும் சேர்த்த சராசரி விகிதம் பாதியை ஒட்டியே நின்றது. இன்னும் முனையைச் சேராத கூட்டங்களின் பரவல், தொடக்கத்தில் நடுவில் குவிந்து மலைபோல் இருந்தது, போகப் போகத் தட்டையாகிவிட்டது. ரைட் 1931-இலேயே சொன்ன வடிவம் இது: நீண்ட காலம் போனபின் இடைப்பட்ட நிலைகள் எல்லாம் ஏறக்குறைய சம வாய்ப்புடன் இருக்கும், மொத்த உயரம் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

ஆக, நடந்தது மாதிரி சொன்னதேதான். வேகம் மட்டும் வேறு. ஈக்கள் 16-க்கான கடிகாரத்தைவிட வேகமான ஒன்றில் ஓடியிருக்கின்றன.

16 என்ற எண்ணில்தான் சிக்கல்

அணிக்கு நாம் கொடுத்தது 16 ஈக்கள் என்ற தலைக்கணக்கு. மாதிரி அந்த 16-ஐ ஒரு குறிப்பிட்ட பொருளில் எடுத்துக்கொள்கிறது: ஒவ்வொரு நகலுக்கும் அடுத்த தலைமுறையில் இடம்பிடிக்கச் சமமான வாய்ப்பு. உயிருள்ள ஈக்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. எட்டு ஆண்களில் ஒன்றிரண்டு பெரும்பாலான பெண்களோடு இணைந்திருக்கலாம். ஒரு பெண் ஈ நிறைய முட்டையிட, இன்னொன்று ஒன்றிரண்டோடு நின்றிருக்கலாம். அப்படி நடக்கும்போது, தலைகள் 16 இருந்தாலும் மரபணுக் கணக்கில் கூட்டம் அதைவிடச் சிறியது. இதற்குத்தான் பயனுறு அளவு என்ற கருத்து.

சரி, அந்த அளவு எவ்வளவு? 16-க்குப் பதில் 9 என்று போட்டு, 18 நகல்களுக்கான 19×19 அணியை எழுதி, நடுவிலிருந்து 19 தலைமுறை ஓட்டினால், முனைகளில் சேர வேண்டியது 52 விழுக்காடு. 107-இல் சுமார் 56. கிடைத்தது 58. கலப்பு நிலை விகிதம் தலைமுறைதோறும் குறையும் கோடும் 16-ஐவிட 9-க்கான கோட்டோடுதான் ஒட்டிப்போகிறது. (கணக்கிடும் வழியைப் பொறுத்து இந்த மதிப்பு 9-க்கும் 12-க்கும் இடையில் மாறும், முனையைச் சேர்ந்த கூட்டங்களை வைத்துப் பார்த்தால் 9 பக்கம்தான் சாய்கிறது.) முனையைச் சேரும் சராசரிக் காலமும் இதற்கேற்ப மாறும்: 16 என்றால் சுமார் 43 தலைமுறை, 9 என்றால் சுமார் 24.

இதில் ஆண், பெண் எண்ணிக்கைக்குப் பங்கில்லை. எட்டுக்கு எட்டு என்பதால் பால் விகிதக் கணக்கு 16-ஐ அப்படியே திருப்பித் தருகிறது. காரணம் வாரிசு எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வில்தான் இருக்க வேண்டும். அதற்கு ரைட் தந்த ஒரு வாய்பாடு உண்டு: தலைகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி இரண்டைக் கழி, அதை, வாரிசு எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரியோடு (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தோடு) இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகு. 16 ஈக்களுக்கு மேலே வருவது 62. விடை 9 ஆக வேண்டுமானால் விலக்க வர்க்கச் சராசரி கிட்டத்தட்ட 4.9 இருக்க வேண்டும். எல்லா ஈக்கும் சம வாய்ப்பு என்றால் அது 2 இருந்திருக்கும்.

இதை ஈக்களின் மொழியில் சொல்கிறேன். ஒவ்வொரு ஈயும் அடுத்த தலைமுறையின் 16 பேரில் சராசரியாக இரண்டு பேருக்குத் தாயோ தகப்பனோ ஆகிறது. சம வாய்ப்பிலேயே சிலவற்றுக்கு வாரிசே இருக்காது, சிலவற்றுக்கு நாலு ஐந்து இருக்கும். ஏற்றத்தாழ்வு 4.9 என்றால் வெறுங்கையோடு போகும் ஈக்கள் இன்னும் அதிகம். ஏழெட்டு வாரிசு விட்டுச்செல்லும் சில ஈக்கள் எல்லாத் தலைமுறையிலும் தலைகாட்டும். எந்த ஈ எத்தனை முட்டையிட்டது என்று யாரும் குப்பிக்குள் எட்டிப் பார்க்காமலேயே, கண் நிறங்களின் எண்ணிக்கையிலிருந்து அணி இந்தச் செய்தியைப் பிடித்துத் தருகிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இயற்கைத் தேர்வாக இருக்குமோ?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நகரக் கூடாது. ஓர் அல்லீலுக்குச் சாதகமான தேர்வு இருந்திருந்தால் சராசரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 30-க்கு 28 வந்திருக்காது. இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரு பக்கமும் சமமாகத் தள்ளும் தேர்வு ஒன்று உண்டு. கலப்பு நிலை ஈக்கள் மட்டும் சற்று நலிந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாதிக்கு மேல் போன கூட்டம் இன்னும் மேலே தள்ளப்படும், கீழே போனது இன்னும் கீழே. சராசரி பாதியிலேயே நிற்கும். முனைகளில் கூட்டம் வேகமாகச் சேரும். மேலோட்டமாகப் பார்த்தால் சிறிய பயனுறு அளவும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டையும் பிரிக்க அணியிடமே போகலாம். சரியாகப் பாதியில் நிற்கும் கூட்டத்தின் மேல் இந்த வகைத் தேர்வின் தள்ளு சுழியம். ஆகவே தேர்வு என்றால் தொடக்கத்தில் தேய்மானம் 16-க்கு உரிய வேகத்தை ஒட்டியே இருக்கும். அதன்பின்தான் வேகம் கூடும். பயனுறு அளவு 9 என்றால் தேய்மான விகிதம் கடைசிவரை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கலப்பு நிலை விகிதம் ஒரே விகிதத்தில் தேயும் கோட்டையே பூரியின் தரவு பின்பற்றுவதால், நகர்வுதான் முதன்மைக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசித் தலைமுறையின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இடைப்பட்ட தலைமுறைகளின் பதிவு இல்லாவிட்டால் இந்த வாதமே எழாது.

பூரிக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1954-இல், கெர், ரைட் இருவரும் வளைந்த முட்கள் கொண்ட பழ ஈ வகையை வைத்து இதே மாதிரியான ஆய்வை வெளியிட்டார்கள். தலைமுறைக்கு நான்கு ஆண், நான்கு பெண், 96 கூட்டங்கள், 16 தலைமுறைகள். 41 கூட்டங்களில் இயல்பு அல்லீல் நிலைத்தது, 29-இல் வளைமுள் அல்லீல், 26 இன்னும் கலந்தே இருந்தன. 41-க்கு 29 என்பதைப் பார்த்ததும் தேர்வு என்று சொல்லத் தோன்றும். 70-இல் பாதி 35. திட்ட விலக்கம் 4.2. விலகியிருப்பது 6. ஒன்றரை திட்ட விலக்கம்கூட இல்லை. இதை மட்டும் வைத்துத் தேர்வு என்று நான் எழுத மாட்டேன்.

குப்பிக்கு வெளியே

இயற்கையில் கூட்டத்தின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதற்கும் அணியில் இடமுண்டு. சதுர அணியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 50 உயிர்கள் 10-ஆகக் குறைந்த தலைமுறைக்கு 101 நிரைகளும் 21 நிரல்களும் கொண்ட அணி. அடுத்து மீண்டும் பெருகினால் 21 நிரை, வேண்டிய அளவு நிரல். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் அணி எழுதி வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால், மொத்தத் தேய்மானத்தை முடிவுசெய்வது செழித்த ஆண்டுகள் அல்ல, மெலிந்த ஆண்டுகள் என்பது தானாகவே தெரியும். பயனுறு அளவு இசைச் சராசரியை (சிறிய எண்களுக்கு அதிக எடை தரும் சராசரியை) ஒட்டி வருவதன் காரணமும் இதுதான்.

வட பசிபிக்கின் வடக்கு யானைச் சீல்கள் 19-ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு, அந்த நூற்றாண்டின் இறுதியில் 100-க்கும் குறைவாகச் சுருங்கின. பின்பு பாதுகாக்கப்பட்டு ஒரு லட்சத்தைத் தாண்டிப் பெருகிவிட்டன. 1974-இல் போனெல், செலாண்டர் இருவரும் 159 சீல்களில் 24 மரபணு இடங்களின் புரதங்களைச் சோதித்தபோது ஓர் இடத்தில்கூட வேறுபாடு தென்படவில்லை.

20 சீல்கள் மிஞ்சிய ஒரே ஒரு தலைமுறை என்றால் இழப்பு 40-இல் ஒரு பங்குதான். அது இவ்வளவு வெறுமையை விளக்காது. ஆனால் யானைச் சீல்களில் ஓர் ஆண் பல பெண்களைத் தன் வசம் வைத்திருக்கும். 20-இல் 2 ஆண்களும் 18 பெண்களும் மட்டுமே இனப்பெருக்கத்தில் பங்கெடுத்தால் பயனுறு அளவு 7.2. தலைமுறைக்கு இழப்பு 7 விழுக்காடு. அந்த நிலை சில தலைமுறைகள் நீடித்தாலே, அரிதான அல்லீல்கள் முதலில் உதிரும். ஓரத்து நிரைகளின் செங்குத்துச் சரிவு அங்கே வேலை செய்யும். குப்பி ஈக்களில் வாரிசு ஏற்றத்தாழ்வு செய்த வேலையைச் சீல்களில் பால் விகிதம் செய்கிறது. எண்ணிக்கை லட்சத்தைத் தொட்டபின்னும் பழைய வேறுபாடு திரும்பவில்லை என்பதை, 0-க்கான நிரையில் இருக்கும் அந்த ஒற்றை 1 சொல்கிறது. புதுத் திடீர்மாற்றங்கள் வந்து நிரப்ப நெடுங்காலம் ஆகும்.

பூரியின் குப்பிகளுக்குத் திரும்பினால், 19-ஆம் தலைமுறையில் 49 கூட்டங்கள் இரண்டு அல்லீலையும் இன்னும் வைத்திருந்தன. ஆய்வு தொடர்ந்திருந்தால், 9-க்கான அணியின்படி ஒவ்வொரு தலைமுறையிலும் எஞ்சியவற்றில் 18-இல் ஒரு பங்கு முனையைச் சேர்ந்திருக்கும். முதல் தலைமுறையில் இரண்டு மூன்று கூட்டங்கள், பிறகு அதைவிடக் குறைவு. எஞ்சியவற்றின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்க இன்னும் சுமார் 68 தலைமுறைகள் பிடித்திருக்கும்.